கிரீன்விச் கோட்டில் நின்றேன், போன் பூஜ்ஜியம் காட்டவில்லை

கேள்வி: 2023 பிப்ரவரி 19

போன மாதம் லண்டன் போயிருந்தேன். கிரீன்விச் வானாய்வகத்தில் தரையில் ஒரு கோடு பதித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்தேன். போனில் தீர்க்கரேகை பார்த்தால் பூஜ்ஜியம் இல்லை. 0 டிகிரி 0 நிமிடம் 5 நொடி மேற்கு என்று வருகிறது. கிழக்கே பூங்காவுக்குள் நூறு மீட்டர் நடந்த பிறகுதான் பூஜ்ஜியம் வந்தது. அங்கே ஒரு பலகைகூட இல்லை. போன் தப்பா, கோடு தப்பா? டிக்கெட் வாங்கி உள்ளே போனவன் கேட்கிறேன்.

பிப்ரவரி 19, இரவு 10:40

போனும் தப்பில்லை, கோடும் தப்பில்லை. அந்தக் கோடு ஜார்ஜ் ஏரி (Airy) என்ற கிரீன்விச் வானியலாளர் 1851-இல் வேலைக்குக் கொண்டுவந்த தொலைநோக்கியின் நடுக்கோடு. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாட்டுக்காரர்கள் கூடி அதையே உலகத்துக்குப் பூஜ்ஜியம் ஆக்கினார்கள். 22 ஓட்டு ஆதரவு. சான் டொமிங்கோ மட்டும் எதிர்ப்பு. பிரான்சும் பிரேசிலும் ஒதுங்கிக்கொண்டன. அதற்குப் பிறகு கண்டம் நகர்ந்துவிட்டது, அதுதான் உங்கள் நூறு மீட்டர். தூக்கம் வருகிறது, மீதி நாளைக்கு.

பிப்ரவரி 20, காலை 6:15

நேற்று எழுதியதில் கண்டம் நகர்ந்த கதையை அடித்துவிடுங்கள். படுத்த பிறகு மனக்கணக்குப் போட்டேன். ஐரோப்பா வருடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் நகர்கிறது. 1884-லிருந்து 139 வருடம். மூன்றரை மீட்டர் வரும். 102 மீட்டருக்கு எங்கே போக?

உண்மையான காரணம் கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு சமாச்சாரம். ஏரி தன் கருவிக்கு 'நேர் மேலே' எது என்று தெரிந்துகொள்ள ஒரு தொட்டியில் பாதரசம் வைத்துப் பார்த்தார். பாதரசத்தின் பரப்பு அந்த இடத்து ஈர்ப்பு எப்படி இழுக்கிறதோ அதற்கு ஏற்றபடி சமமாக நிற்கும். பூமி உள்ளே ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் அடர்த்தி கூட, ஒரு பக்கம் குறைவு. கிரீன்விச்சில் அந்த இழுப்பு கிழக்கு மேற்காக ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோளுக்குப் பாதரசத் தொட்டி கிடையாது. அது பூமியின் நிறை மையத்தைச் சுற்றுகிறது, அதன் பூஜ்ஜியத் தளம் மையத்தின் வழியாகத்தான் போக முடியும். நேரக் கணக்கு குழம்பக் கூடாது என்று வானத்தைப் பார்க்கும் திசையை மாற்றாமல், தளத்தை மட்டும் இணையாக நகர்த்திவிட்டார்கள். தரையில் அது 102 மீட்டர் கிழக்கே போய் விழுந்தது. கோணத்தில் 5.3 நொடி. உங்கள் போன் காட்டிய அதே 5.

முதல் வரி மட்டும் நிற்கட்டும். இரண்டும் தப்பில்லை.

பிப்ரவரி 20, மாலை

ஓட்டெடுப்பில் ஒதுங்கிய பிரான்ஸ் என்ன செய்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1911 வரை பாரிஸ் கோட்டை விடவில்லை. விட்டபோதும் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரை எழுதவில்லை. பிரான்சின் நேரம் என்பது 'பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 நொடி பிந்திய நேரம்' என்று எழுதிக்கொண்டார்கள். கணக்குப் போட்டால் அது கிரீன்விச் நேரம்தான். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் சாப்பிட்டேன் என்று சொல்வது போல.

பிப்ரவரி 22

அடிப்படையிலேயே இருவர் தடுமாறுகிறார்கள் என்று தெரிகிறது. அதை முடித்துவிடுகிறேன்.

வடக்கு தெற்குக்கு இயற்கையே பூஜ்ஜியம் வைத்திருக்கிறது. பூமி ஓர் அச்சில் சுற்றுகிறது, நடுவில் நிலநடுக்கோடு விழுந்துவிட்டது. துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்தால் அட்சரேகை ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். கிழக்கு மேற்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியில் இரவு எட்டு மணிக்குத் தெரியும் வானம்தான் சற்று நேரம் கழித்துக் கொச்சியிலும் தெரியும். எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் தீர்க்கரேகை. வேறொன்றும் இல்லை. 24 மணிக்கு 360 டிகிரி, மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நிலநடுக்கோட்டில் ஒரு நொடி தவறினால் 463 மீட்டர் தவறும்.

ஆகவே யாராவது ஒரு தீர்க்கரேகையைச் சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். யாருடைய பூஜ்ஜியம்? எந்தக் கடிகாரம்? கப்பலில் பதினாறு வருடம் இருந்தவனுடைய வியாதி இது.

பிப்ரவரி 22, பின்குறிப்பு

நிமிடம் என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது, அதனால்தான் குழப்பம். கடிகார நிமிடம் வேறு, கோண நிமிடம் வேறு. பஞ்சாங்கக்காரர்கள் கோணத்துக்குப் பாகை (டிகிரி), கலை (பாகையில் 60-இல் ஒன்று), விகலை (கலையில் 60-இல் ஒன்று) என்று தனியாகச் சொல் வைத்திருக்கிறார்கள். இனி இந்த இழையில் கோணம் என்றால் கலை, விகலை. கடிகாரம் என்றால் நிமிடம், நொடி. யாழ்ப்பாணத்து நண்பர் 'நாங்கள் பள்ளியில் அகலாங்கு, நெட்டாங்கு என்றுதான் படித்தோம்' என்கிறார். நல்ல சொற்கள். எது அகலம் எது நெடுமை என்று அதிலேயே இருக்கிறது. 'தீர்க்கம்' என்றாலும் நீளம்தான், ஆனால் தீர்க்கசுமங்கலி பவ என்னும்போது தவிர அது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

பேத்திக்கு ஏழாம் வகுப்பு, அறிவியல் கண்காட்சி. இந்த இழையைப் படித்துக் காட்டியதும் 'தாத்தா, நம்ம வீட்டுத் தீர்க்கரேகையை நானே கண்டுபிடிக்கிறேன்' என்றாள். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு கட்டி நேராக நிறுத்தியது. நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் உச்சி. நம் கடிகாரம் 82½ டிகிரிக்கு ஓடுவது. அந்தக் கோடு உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகிறது. அங்கே 12 மணிக்கு உச்சி என்றால், நமக்கு எத்தனை நிமிடம் தாமதமோ அதை நாலால் வகுத்து 82½-இல் கழித்தால் நம் இடம்.

நான் தலையிடவில்லை. அவள் குறித்த நேரம் 12:31. முப்பத்தொன்றை நாலால் வகுத்தால் 7.75. கழித்தால் 74.75 டிகிரி கிழக்கு.

தூத்துக்குடி 78.13. எங்கள் மொட்டை மாடி கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில், மினிக்காய்க்குப் போகும் வழியில் மிதக்கிறது. 370 கிலோமீட்டர் பிழை. பேத்தி அழவில்லை, எனக்குத்தான் சிரிப்பு வந்து திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 27

சிரித்திருக்கக் கூடாது. தப்பு என்னுடையது, ஒரு விஷயத்தை அவளுக்குச் சொல்லவில்லை. சூரியன் நல்ல கடிகாரம் இல்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. இரண்டும் சேர்ந்து சூரிய உச்சியை வருடம் முழுக்க முன்னும் பின்னும் இழுக்கின்றன. பிப்ரவரி கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட 13 நிமிடம் பிந்தி வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தி வந்துவிடும். 31-இல் 13 போனால் 18. நாலால் வகுத்தால் 4.5. ஆக 78 டிகிரி. ஒரு குச்சிக்கும் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது அபாரம்.

கப்பலில் இந்தத் திருத்தம் இல்லாமல் சூரியனைத் தொடவே மாட்டோம், கப்பல்காரன் பஞ்சாங்கமான அல்மனாக்கில் பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கும். மாடியில் மறந்துவிட்டேன்.

மார்ச் 4

'கடிகாரம் கண்டுபிடித்ததும் பிரச்சினை முடிந்தது, அதற்கு ஹாரிசன்' என்று நாகர்கோவில் நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். 1707-இல் சில்லி தீவுப் பாறைகளில் பிரிட்டிஷ் கப்பல்கள் மோதியது, 1714-இல் கடலில் தீர்க்கரேகை கணிக்கும் வழிக்குப் பார்லிமென்ட் 20,000 பவுண்ட் பரிசு அறிவித்தது, தச்சர் மகன் ஜான் ஹாரிசனின் நாலாவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு 81 நாளில் 5 நொடிதான் தவறியது. இதில் யாரும் சொல்லாத ஒன்று, அந்த 5 நொடி அப்படியே முகப்பில் தெரிந்ததல்ல. அது ஒரு நாளைக்கு இவ்வளவு பிந்தும் என்று எடுத்துக்கொண்டு, அதைக் கழித்தபின் வந்தது. அந்த 'இவ்வளவு' முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்படவில்லை என்பதுதான் பரிசுக் குழு பிடித்துக்கொண்ட நூல்.

கப்பலில் குரோனோமீட்டர் என்னும் துல்லியக் கடிகாரத்துக்கு நாங்கள் செய்வதும் அதேதான். சரியாக ஓடும் கடிகாரம் வேண்டாம். ஒரே மாதிரி தப்பாக ஓடும் கடிகாரம் வேண்டும். தினமும் 2 நொடி பிந்தினால் தங்கம். இன்றைக்கு 1, நாளைக்கு 4, மறுநாள் முந்தல் என்றால் அதை வைத்துக்கொண்டு மீன்கூட விற்க முடியாது. முள்ளைத் திருப்பிச் சரிசெய்யவே மாட்டோம். ரேடியோவில் நேர ஒலி கேட்டு, எத்தனை நொடி பிழை என்று நோட்டில் எழுதுவோம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே எண்ணிக்கையில் சாவி. செகண்ட் மேட் என்ற கப்பல் அதிகாரியின் வேலை அது. மறந்தால் கேப்டன் முகத்தில் விழிக்க முடியாது.

மார்ச் 5

நேற்றைய குறிப்பைப் படித்தால் நான் பெரிய புள்ளி மாதிரி இருக்கிறது. ஆகவே இது.

1979, நான் கேடட். ஏடனிலிருந்து கிழக்கே வருகிறோம். எங்கள் பழைய கப்பலில் செயற்கைக்கோள் கருவி எதுவும் கிடையாது. காலை எட்டு மணிக்குச் சூரிய சைட், அதாவது செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனின் உயரக் கோணத்தையும் அந்தக் கணத்து நேரத்தையும் எடுப்பது. பிரிட்ஜ் ஓரத்தில் செகண்ட் மேட் செக்ஸ்டன்டோடு நிற்பார், நான் சார்ட் ரூமில் குரோனோமீட்டர் முன்னால். அவர் குரல் கொடுத்த கணத்தில் முதலில் நொடி, பிறகு நிமிடம், பிறகு மணி எழுத வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது. நொடி 50. நிமிட முள் 37-ஐ ஒட்டி நின்றது. 37 என்று எழுதினேன். நொடி 50 என்றால் முள் அடுத்த கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், உண்மை நிமிடம் 36.

ஒரு நிமிடம் கூட எழுதினால் 15 கலை மேற்கே தள்ளும். அந்த அட்சரேகையில் 15 கடல் மைல். சார்ட்டில் எங்கள் கப்பல் பின்னால் நிற்கிறது, கடலில் முன்னால் போகிறது. அன்று இரவு இலங்கைத் தென்முனை, தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம், கணக்குப்படி வர வேண்டியதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெரிந்தது. வேகம் 15 நாட், மணிக்கு 15 கடல் மைல். கேப்டன் ஒன்றும் கத்தவில்லை. காலை சைட் நோட்டைக் கேட்டார், பார்த்தார், 'சரியாக ஒரு நிமிடம்' என்றார். பிழை வட்டமான எண்ணாக வந்தால் அது கடலின் வேலையோ நீரோட்டத்தின் வேலையோ இல்லை, ஆளின் வேலை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் எழுதிய நேரத்தை வேறொருவர் பார்த்த பிறகே கணக்கு.

சைட்டை ஏன் காலையில் எடுக்கிறோம், உச்சியில் ஏன் இல்லை என்றால், உச்சியில் சூரியன் ஏறவும் இறங்கவும் இல்லாமல் நின்று தொலைக்கும். உயரம் சொல்லும், நேரம் சொல்லாது. கிழக்கில் விறுவிறுவென்று ஏறும்போது பிடித்தால் நேரம் கூர்மையாக வரும். பேத்தியின் குச்சிக்கும் இதே வியாதி. நிழல் குட்டையாவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது தப்பு முறை. அடுத்த தடவை வேறு மாதிரி.

மார்ச் 11

சென்னை கணக்கைக் கேட்டவருக்கு. இது நான் பல வருடமாக மனதில் வைத்திருந்த கணக்கு.

நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. எழும்பூரில் வில்லியம் பெட்ரி 1786-இல் தன் வீட்டில் தொடங்கி, கம்பெனி எடுத்துக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடம் 1792-இல் எழுந்தது. தொலைநோக்கி ஆடாமல் நிற்க 15 அடி கருங்கல் தூண், பத்து டன். தமிழ் எழுத்தும் பொறித்த அந்தத் தூண் இன்னும் இருக்கிறது. அங்கே வானியலாளர் கோல்டிங்ஹாம் வியாழனின் நிலவுகள் மறைவதைப் பார்த்து மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணித்தார். அந்த மறைவு உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நடக்கும், ஆகவே வானத்தில் ஓடும் கடிகாரம். 1802-இல் நில அளவையாளர் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடித்தளக் கோடு அளந்து தொடங்கிய நில அளவை, கிழக்கு மேற்குக்கு மெட்ராஸ் வானாய்வகத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது.

மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்தி. ரயில்கள் நாடு முழுக்க அந்த நேரத்தில் ஓடின, 1906 ஜனவரி 1-இல் இன்றைய நேரம் வரும்வரை. இதைக் கோணமாக மாற்றுங்கள். 80 பாகை 17 கலை 30 விகலை. இப்போது போனை எடுத்துக்கொண்டு கல்லூரிச் சாலையில் அந்த வாசலில் நில்லுங்கள். 80 பாகை 14 கலை, முக்கால் சொச்சம் காட்டும். வித்தியாசம் இரண்டே முக்கால் கலை. ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதாவது மெட்ராஸ் நேரம் என்று ரயில் ஓட்டியது நுங்கம்பாக்கத்து நேரம் இல்லை. திருவல்லிக்கேணியைக் கடந்து, மெரினா மணலைக் கடந்து, அலைக்குள் இறங்கினால் அங்கே உள்ள நேரம்.

கோல்டிங்ஹாமைக் குறை சொல்ல வேண்டாம். நேரத்தில் பதினொரு நொடிதான் பிசகு. நிலவு சட்டென்று விளக்கணைத்த மாதிரி மறையாது, மங்கி மங்கிப் போகும். யார் கண்ணுக்கு, எந்தத் தொலைநோக்கியில், எப்போது காணாமல் போகிறது என்பதிலேயே பத்து நொடி போய்விடும். பிறகு தந்திக் கம்பி வந்து இரு ஊர்க் கடிகாரத்தையும் ஒரே கம்பியில் கட்டிய பிறகு திருத்தினார்கள். பழைய சர்வே வரைபடங்களின் ஓரத்தில் மெட்ராஸுக்கு எந்த மதிப்பு எடுத்துக்கொண்டது என்று பொடி எழுத்தில் இருக்கும். கிடைத்தால் பாருங்கள். அதுதான் 'எந்தக் கடிகாரம்' என்ற என் கேள்விக்கு எழுதிவைத்த பதில்.

மார்ச் 11, இரவு

ஒரே கணத்தில் நடக்கும் என்று எழுதிவிட்டேன். நடப்பது ஒரே கணம், ஒளி வந்து சேருவது தாமதம். அந்தத் தாமதத்தையே இதில்தான் கண்டுபிடித்தார்கள். தீர்க்கரேகைக்காக அயோ நிலவின் கால அட்டவணை போட்டு வைத்திருந்தபோது, வியாழன் தூரமாகப் போகும் மாதங்களில் மறைவு பிந்துகிறது என்று ஓலே ரோமர் 1676-இல் சொன்னார். ஒளிக்கு வேகம் உண்டு. ஊர் எங்கே என்று தேடப்போய் கிடைத்தது.

மார்ச் 12

அறிவியலில் தீர்க்கரேகை ஆளை ஏமாற்றிய கதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலையாகிவிடும்.

ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். சரி. ஆனால் கண்ணால் காட்ட ஒரு சான்று வேண்டுமே என்று கிழக்கு கிரீன்லாந்தின் தீர்க்கரேகையை எடுத்தார். 1823, 1870, 1907 என்று மூன்று பயணங்கள் அளந்தவை. முதல் இடைவெளியில் 420 மீட்டர் மேற்கே, இரண்டாவதில் 1190 மீட்டர். வருடத்துக்கு 9 மீட்டர், பிறகு 32 மீட்டர். கிரீன்லாந்து ஓடுகிறது என்றார். இன்றைய அளவில் அது வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்.

அளந்தவர்கள் சந்திரனைக் கடிகாரமாக வைத்திருந்தார்கள். சந்திரன் தன் அகலத்தைத் தானே கடக்க ஒரு மணி நேரம் எடுக்கும் மந்தமான முள். 75 டிகிரி வடக்கில் ஒரு நொடிக்கு 120 மீட்டர்தான். 1190 மீட்டர் என்பது பத்து நொடிப் பிழை. சென்னையில் நுங்கம்பாக்கத்தைக் கடலில் தள்ளியதும் அதே சுமாரான பத்து நொடி! முடிவு சரி, சான்று தப்பு. அவர் 1930-இல் அதே கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் மூன்று எண்ணும் மூன்று வேறு ஆளின் கண்ணிலிருந்து வந்தவை என்று தெரிந்தும் கழித்துப் பார்த்தார் என்பது உறுத்துகிறது.

இன்றைக்கு அந்தக் கழித்தல் நிஜமாகவே முடியும். ஆஸ்திரேலியா வருடத்துக்கு 7 சென்டிமீட்டர் ஓடுகிறது. 1994-இல் நிறுத்திய ஆள்கூறுகளை 2020-க்கு மாற்றியபோது 1.8 மீட்டர் திருத்த வேண்டியிருந்தது.

மார்ச் 19

துணுக்குகள். யாரும் கேட்கவில்லை.

பஞ்சாங்கத்தில் 'தேசாந்தரம்' என்று ஒரு திருத்தம் உண்டு, அது தீர்க்கரேகைதான். சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின் பூஜ்ஜியக் கோடு உஜ்ஜயினி வழியாக 'இலங்கை'க்குப் போகிறது. அந்த இலங்கை நிலநடுக்கோட்டில் உள்ள ஒரு கணக்குப் புள்ளி. உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே கோடு போட்டால் கொழும்பு வராது, கடல்தான் வரும். சந்திர கிரகணத்தை இரண்டு ஊரில் பார்த்து நேரத்தைக் கழித்தால் தூரம் வரும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது.

செவ்வாயின் பூஜ்ஜியத்துக்கு ஏரி-0 என்று ஒரு சிறு பள்ளம். அதே ஜார்ஜ் ஏரி பெயர்தான், மனிதர் அங்கேயும் விடவில்லை. இப்போது வைக்கிங் 1 விண்கலம் இறங்கிய இடத்தை 47.95137 டிகிரி மேற்கு என்று நிறுத்திக்கொண்டு அங்கிருந்து அளக்கிறார்கள். வியாழனில் நிற்க நிலமே இல்லை. நிலநடுக்கோட்டு மேகத்துக்கு ஒரு தீர்க்கரேகை, மற்ற மேகத்துக்கு ஒன்று, காந்தப்புலத்துக்கு ஒன்று என்று மூன்று வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மூன்று கடிகாரம், மூன்றும் வேறு நேரம், எல்லோரும் நிம்மதி.

சூரியனுக்கும் உண்டு. 27.2753 நாளுக்கு ஒரு சுற்று, 1853 நவம்பர் 9-லிருந்து எண்ணிக்கை. மெட்ராஸ் வானாய்வகத்தின் வேலை 1899-இல் கொடைக்கானலுக்கு ஏறியது. அங்கே தினமும் சூரியனைப் படமெடுத்துக் கரும்புள்ளி எந்தத் தீர்க்கரேகையில் என்று குறித்துவைத்தார்கள். நுங்கம்பாக்கத்தைக் கடலில் போட்ட ஆய்வகம் சூரியனில் புள்ளி வைத்தது.

மார்ச் 20

நேற்றைய கடைசி வரி கொஞ்சம் ஓவர். விடுங்கள்.

ஏப்ரல் 2

மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இந்த இழை உதவுமா என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். உதவும். எங்கள் ஊர்ப் பக்கம் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். அந்தக் காலத்தில் கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேராக வைத்து, இன்னொரு பக்கம் இரண்டு அடையாளத்தை நேராக வைத்துப் பாரைப் பிடிப்பார்கள். இப்போது ஜிபிஎஸ்ஸில் புள்ளியாகச் சேமிக்கிறார்கள். பெட்டியில் 78 டிகிரி 25.50 என்று இருக்கும். அது இருபத்தைந்தரைக் கலை. போனில் சொல்லும்போது 'எழுபத்தெட்டு, இருபத்தஞ்சு, அம்பது' என்பார்கள். கேட்கிறவர் 25 கலை 50 விகலை என்று போட்டால் மூன்றில் ஒரு கலை கிழக்கே, 600 மீட்டர் தள்ளிப் போய் வெறும் மணலில் வலை விடுவார். இரண்டு பேருமே அடுத்தவன் பொய் சொல்லிப் பாரை மறைக்கிறான் என்று நினைப்பார்கள். பாதிச் சண்டை இந்தப் புள்ளியால்தான் என்பது என் சந்தேகம். பெட்டியின் அமைப்பில் எந்த முறை என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 3

டிஷ் டிவி ஆளுக்கும் தீர்க்கரேகைதான் முகவரி. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள்களுக்கு அட்சரேகை பூஜ்ஜியம், ஆகவே ஒரே எண் போதும். ஜிசாட்-30 என்றால் 83 டிகிரி கிழக்கு. அங்கே ஒரு டிகிரி என்பது 736 கிலோமீட்டர். நிற்கும் என்றேன், சும்மா நிற்காது. நிலநடுக்கோடு சரியான வட்டம் இல்லை, அந்தக் கோணலின் இழுப்பு ஒவ்வொன்றையும் மெதுவாக நகர்த்தும், எரிபொருள் செலவழித்துப் பிடித்து நிறுத்த வேண்டும். எரிபொருள் தீர்ந்து அங்கேயே கைவிடப்பட்டவை இரண்டு பள்ளங்களை நோக்கிச் சரிந்து, ஊஞ்சல் மாதிரி அலையும். ஒன்று மேற்கு 105 பக்கம். மற்றது கிழக்கு 75.

75! பேத்தியின் மொட்டை மாடி போய் நின்ற அதே 74.75. செத்துப்போன செயற்கைக்கோள்கள் வந்து ஒதுங்கும் துறை. அவளிடம் சொன்னேன், 'அப்ப நான் கண்டுபிடிச்சது தப்பில்ல' என்கிறாள்.

ஏப்ரல் 9

ஒரே ஒரு புலம்பல். பூமி சுற்றுவது அணுக் கடிகாரம் மாதிரி ஒழுங்காக இல்லை என்பதால் 1972-லிருந்து 27 தடவை உலக நேரத்தில் ஒரு நொடி சேர்த்திருக்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31. அதனால் வானொலி நேரத்துக்கும் பூமியின் சுழற்சிக்கும் 0.9 நொடிக்கு மேல் வித்தியாசம் வராது. 2022 நவம்பரில் எடைகள் அளவுகள் மாநாட்டில் 2035-க்குள் இந்த வரம்பைத் தளர்த்துவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். கணினிக்காரர்களுக்கு அந்த நொடி தலைவலி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செக்ஸ்டன்ட் பிடிக்கிறவனுக்கு அந்த 0.9 என்பது 420 மீட்டருக்குள் அடங்கும் உத்தரவாதம். இனி வித்தியாசம் எவ்வளவு என்று தனியாகப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செக்ஸ்டன்ட் இப்போது யார் பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் பிடிக்கிறேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இரண்டாம் சோதனை. நாள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. ஏப்ரல் பாதியில் சூரியன் முந்துவதும் இல்லை பிந்துவதும் இல்லை, திருத்தம் பூஜ்ஜியம். இதிலும் ஒன்றை மறந்தேன். இதே வாரம்தான் தூத்துக்குடியில் சூரியன் தலைக்கு மேலே. ஒரு மீட்டர் குச்சிக்கு உச்சியில் இரண்டு சென்டிமீட்டர் நிழல், அதுவும் ஓரம் மங்கல். 'தாத்தா, நிழல் எங்க?' என்றாள் பேத்தி.

நல்லவேளை, முறையை மாற்றியிருந்தோம். காலை பதினொரு மணிக்கு முன்பே நிழல் நுனியில் ஒரு குறி, குச்சியை மையமாக வைத்துக் கயிறால் ஒரு வட்டம். பிற்பகலில் நிழல் நீண்டு அதே வட்டத்தைத் தொடும் நேரம் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடு உச்சி. அப்படி மூன்று வட்டம், மூன்று ஜோடி, சராசரி. வந்தது 12 மணி 17 நிமிடம் 50 நொடி.

78.04 டிகிரி. ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் மேற்கே, தரையில். ஹாரிசன் பரிசுக்கு அரை டிகிரி போதும், எங்களுக்குப் பத்தில் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டது.

ஏப்ரல் 17

கண்காட்சி மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று நினைவூட்டுகிறார்கள். தெரியும். அவள் அரபிக்கடல் கணக்கைத்தான் வைத்தாள், பக்கத்தில் 13 நிமிடத் திருத்தத்தோடு. பரிசு எரிமலை செய்த பையனுக்கு. குச்சி இப்போது முருங்கைக்கு முட்டு.